ஆயாக் கொட்டகையும் அரசாங்கமும்



பள்ளி திறந்து மூன்றாவது வாரம். உதவித் திட்டப் பாரங்களைப் பெற்றோர்களிடமிருந்து திரும்பப் பெறும் காலம். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் எவருக்கும் இவ்வாரத்தின் அலைச்சலை நான் விளக்கத் தேவையில்லை. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பாட்டி, பாரத்தை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். விரித்துப் பார்த்தேன். பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. தாயின் அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் கட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது.

"பாட்டி, இந்த எண் வேண்டுமே" என்றேன்.

"டீச்சர், இத கிராணிகிட்ட குடுத்துட்டா அவரு எழுதிக்க மாட்டாரா?"

எங்கள் பள்ளி அலுவலகக் கிராணியைத்தான் சொல்கிறார் என்று முதலில் எண்ணினேன். பேசப் பேசத்தான் புரிந்தது. அவர் நினைவில் இருந்தவர் தோட்டத்துப் பெரிய கிராணி. "எல்லாம் பெரிய கிராணிதான் எழுதுவாரு, தொர கையெழுத்துப் போடுவாரு. நாங்க எங்க ஆபீசு ஆபீசா போனோம்?" என்றார். ஜாசின் மாவட்டத்தில் இருந்த அந்தத் தோட்டத்தின் லயங்கள் இடிக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கிராணியும் இல்லை, துரையும் இல்லை. ஆயினும் அந்தப் பாட்டியின் மனத்தில் அரசாங்கம் என்பதன் உருவம் இன்றும் அவர்கள் இருவர்தாம்.

அவர் சென்ற பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் மக்களுக்கு அரசாங்கம் ஏன் கிராணியின் வடிவில் தோன்றியது? குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் அரசு செய்யும் உதவிகள் நம் தோட்டப்புறத்திற்கு எவ்வழியாக வந்தன, எங்கே நின்றுவிட்டன? எனக்குத் தெரிந்த அளவில் எழுதிப் பார்க்கிறேன்.

மலாக்காவிலிருந்தே தொடங்கலாம். மலாயாவில் இரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டவர் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர். 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரிவாக்கினார். அதன்பின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் தத்தம் ஊர்களுக்குச் சென்று ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார்கள். (மலாக்காவில் தமிழர் வாழ்வு இதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே மலாக்காச் செட்டிகளோடு தொடங்கிவிட்டது. அது தனிக் கதை, வேறொரு நாள் எழுதுகிறேன்.)

1907ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டது. அதனுடன் ஒரு நிதியும் ஏற்பட்டது. ஒவ்வொரு முதலாளியும் தம்மிடம் வேலை செய்யும் தென்னிந்தியத் தொழிலாளர்களின் கணக்குப்படி இந்நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். ஆட்களை நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் கொண்டுவரும் செலவு இதிலிருந்தே போனது. உழைக்க முடியாமல் போனவர்களைத் திருப்பி அனுப்பும் செலவும் இதிலிருந்தே போனது. நம் மக்களுக்கென அரசு மேற்பார்வையில் உருவான முதல் பெரிய நலநிதி என்று இதனைச் சொல்லலாம். வரவழைக்கவும் திருப்பி அனுப்பவும் பயன்பட்ட நிதி என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

அடுத்து வந்தது தொழிலாளர் சட்டம். கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பும் அதனை விரிவாக்கிய 1923ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பும் தோட்ட முதலாளிமார் செய்து தர வேண்டியவற்றை வரையறுத்தன. குடியிருப்பு, தண்ணீர், மருத்துவம், பேறுகால உதவித்தொகை ஆகியவற்றோடு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் என்பதும் அவற்றுள் ஒன்று. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை நாம் இந்தச் சட்டத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். மலாக்கா, பினாங்கு சிங்கப்பூரோடு சேர்ந்த நீரிணைக் குடியேற்றமாக இருந்தமையால் இங்கே சட்டம் தனியானது. எனினும் போக்கு ஒன்றே.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பள்ளியையோ மருத்துவமனையையோ அரசாங்கம் கட்டித் தரவில்லை. முதலாளி கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது, அவ்வளவே. அரசின் தொழிலாளர் இலாகா அதிகாரி எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் சட்டமும் துரை, சலுகையும் துரை. தோட்டத்துக் குழந்தை, சட்டத்தின் கண்களில் முதலில் ஒரு தொழிலாளியைச் சார்ந்து வாழும் உயிர். அப்பா பெயர் வெட்டுக்காரர் பட்டியலில் இருக்கும் வரை பிள்ளைக்குப் பள்ளியும் உண்டு, மருந்தும் உண்டு. பெயர் நீங்கினால் வீடும் போகும், எல்லாமும் போகும்.

1929ஆம் ஆண்டு தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் இது வெட்டவெளிச்சமானது. இரப்பர் விலை சரிந்தது. வேலையிழந்த இந்தியத் தொழிலாளர்கள் ஓரிரு ஆண்டுகளில் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலையில்லாக் குடும்பத்திற்கு அன்றைய அரசு வைத்திருந்த பெரிய உதவி ஒரு கப்பல் சீட்டு! விலை ஏறியதும் மீண்டும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசு அனுப்பி வைத்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். கங்காணி வழி ஆள் சேர்ப்பதை நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தார். 1938ஆம் ஆண்டு இந்தியா அதனைத் தடை செய்தது.

இனி ஆயாக் கொட்டகைக்கு வருவோம். என் தலைமுறையில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இச்சொல்லைக் கேட்டதும் ஒரு வாசம் வரும். பால் மாவு, ஈரச் சாரோங், தேங்காய் எண்ணெய், அதற்கெல்லாம் மேலாக அம்மாவின் சட்டையில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலின் நெடி.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டு. அதற்கு முன்பே அம்மா என்னைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகையில் விட்டுவிடுவார். தகரக் கூரை, அரைச்சுவர், அதற்கு மேல் கம்பிவலை. உத்தரத்திலிருந்து வரிசையாக ஏணைகள் தொங்கும். ஏணை என்றால் பழைய சாரோங்கை முடிந்து கட்டியதுதான். எங்கள் தோட்டத்தில் ஆயாவாக இருந்தவர் என் அம்மாவைப் பெற்ற பாட்டியேதான். மரம் வெட்டக் கண்பார்வை போதாது என்று ஆன பிறகு அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அது. பயிற்சி என்று எதுவும் கிடையாது. ஒரே நேரத்தில் இரண்டு ஏணைகளைக் கையாலும் ஒன்றைக் காலாலும் ஆட்டுவார். முப்பது பிள்ளைகளின் சளியும் சொறியும் அவருக்கு அத்துபடி. வாரத்தில் ஒரு நாள் டிரஸ்ஸர் ஐயா வந்து பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். அவர் கொடுக்கும் பூச்சி மருந்தை விழுங்கும் வரை பாட்டி எங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இதனை நான் இனிமையாகவே நினைவுகூர்கிறேன். ஆனால் ஆசிரியர் பயிற்சியில் குழந்தை மேம்பாடு பற்றிப் படித்தபோதுதான், முப்பது பிள்ளைகளை ஒரு கண்பார்வை மங்கிய மூதாட்டியிடம் விட்டதைச் சேவை என்று எப்படிச் சொன்னார்கள் என்ற கேள்வி எழுந்தது. கொட்டகை தாய்க்காக ஏற்பட்டதன்று. தாய் நேரத்தோடு மரத்தடிக்குப் போக வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. சுதந்திர நாட்டிலும் 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்புத் தரச் சட்டமும் அதற்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டின் சட்டமும் குழந்தைக் காப்பகத்தை முதலாளியின் பொறுப்பாகவே வைத்திருந்தன. 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் வந்தது. சமூக நல இலாகாவில் பதிவு செய்துகொள்ளும் மையங்கள் நகரங்களில் பெருகின. எங்கள் பாட்டிக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததே தெரியாது. தெரிந்திருந்தால் பூச்சி மருந்தை அவர்களே கொடுக்கட்டும் என்று சொல்லியிருப்பார்.

சமூக நல இலாகா என்றேன். அதன் பிறப்பு பலருக்கும் தெரியாத செய்தி. 1942ஆம் ஆண்டு சனவரியில் மலாக்கா ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அதே ஆண்டில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடும் வேலை தொடங்கியது. மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. லயங்களில் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் எஞ்சினார்கள். உணவில்லை, உடையில்லை. கித்தான் சாக்கை உடுத்திக்கொண்டதாக மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியபோது நாடெங்கும் இத்தகைய குடும்பங்கள் இருந்தன. இவர்களை எந்த முதலாளியின் தலையிலும் கட்ட முடியாது. 1946ஆம் ஆண்டு ஜூன் மாதம், மலாயன் யூனியன் ஆட்சியில், சமூக நல இலாகா அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சிறார், இளையோர் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இன்று அதன் இடத்தில் 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் உள்ளது. வேலைப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கும் அரசு நேரடியாகப் பொறுப்பேற்கும் என்ற எண்ணம் இந்நாட்டில் இலாகாவாக உருப்பெற்றது அப்போதுதான். அந்த எண்ணத்திற்குக் காரணமான துயரத்தில் நம்மவர் பங்கு எவ்வளவு பெரியது!

அவ்வாறாயின் அந்த இலாகா நம் தோட்டங்களுக்குள் ஏன் வரவில்லை? வரவே இல்லை என்று கூறுவது தவறு. முதியோர் உதவித்தொகை பெற்றவர்கள் எங்கள் லயத்திலும் இருந்தார்கள். ஆனால் தோட்டம் தனியார் நிலம். வாசலில் காவல் உண்டு, கயிறு கட்டிய தடுப்பு உண்டு. சுதந்திரத்திற்குப் பிறகு துன் அப்துல் ரசாக் தலைமையில் கிராமப்புற மேம்பாடு மிக வேகமாக நடந்தது. 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெல்டா நிலக் குடியேற்றங்கள் எழுந்தன. சடக்கு, குழாய் நீர், மின்சாரம், கிராமச் சிகிச்சை நிலையம், சமூக மண்டபம் எல்லாம் கம்போங்களை எட்டின. ஜாசின் வட்டாரத்தில் கம்போங்கில் மின்விளக்கு எரிய, வேலிக்கு இந்தப் பக்கம் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தை என் அம்மா இன்றும் சொல்வார். கேட்டால் தோட்டம் தனியார் இடம், அங்கே முதலாளி செய்ய வேண்டும் என்ற பதில் வரும். முதலாளியோ தோட்டத்தை விற்கும் யோசனையில் இருப்பார். பழைய சட்டத்தின் நிழல் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நீண்டிருந்தது.

தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டது 1950களிலேயே தொடங்கிவிட்டது. அதற்கு எதிராக 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியதைப் பலரும் அறிவீர்கள். 1969ஆம் ஆண்டு குடியுரிமை இல்லாதோர் வேலைப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் கப்பலேறின. பிறகு இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. 1980களிலும் 1990களிலும் லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் சில, பெயரில் மட்டும் 'லாடாங்' என்று தாங்கிக்கொண்டு தாமான்களுக்கு நடுவில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நகரத்திற்கு வந்த குடும்பம் ஒரே நாளில் வீடு, டிரஸ்ஸர், ஆயாக் கொட்டகை, கிராணி நால்வகையையும் இழந்தது. அவை அனைத்திற்கும் அரசாங்கத்தில் ஈடு உண்டு. மலிவு வீடு உண்டு, சுகாதார நிலையம் உண்டு, சமூக நல இலாகாவின் மாவட்ட அலுவலகம் உண்டு. பள்ளியை எடுத்துக்கொண்டால் 1975இல் பாடநூல் இரவல் திட்டம், 1979இல் கூடுதல் உணவுத் திட்டம், 1983இல் பள்ளிப் பால் திட்டம், 2003இல் ஏழை மாணவர் அறநிதி என்று வரிசையாக வந்தன. 2003ஆம் ஆண்டுமுதல் தொடக்கக் கல்வி கட்டாயமானது. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு முகப்பு, ஒரு பாரம், ஒரு எண். தேடி வந்து எழுதிக்கொள்ளும் கிராணி எங்கும் இல்லை. முன்னர் நம்மவருக்கு உரிமைகள் குறைவு, அலைச்சலும் குறைவு. பிறகு உரிமைகள் பெருகின, அவற்றை எட்டும் வழியைக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமற் போனது. வெளியாட்கள் இதனைச் சோம்பல் என்கிறார்கள். நம்மவரிலேயே சிலர் அவ்வாறு சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும்.

பழைய குடியேற்ற நிதி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது 1958ஆம் ஆண்டின் சட்டப்படி தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயரில் தொடர்ந்தது. 1999ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகக் கலைக்கப்பட்டது. அதாவது தோட்டக் குடும்பங்கள் நகரத்தில் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த அதே காலத்தில்.

இப்போது பாட்டியின் பாரத்திற்குத் திரும்புகிறேன். பாட்டியிடம் நீல அடையாள அட்டை இருக்கிறது. அவருடைய மகளிடம், அதாவது என் மாணவனின் தாயிடம், எதுவும் இல்லை. 1990களின் நடுவில் லயத்திலேயே இரவில் பிறந்தவர். அப்போது தோட்டத்தில் டிரஸ்ஸர் இல்லை, மருத்துவக் கொட்டகை மூடப்பட்டிருந்தது. கணவர் ஜொகூரில் கட்டுமான வேலைக்குப் போயிருந்தார். பிறப்பைப் பதிந்துவிடுவதாகச் சொன்னவர் பதியவில்லை. பதிந்தாயிற்று என்று பாட்டி நம்பியிருந்தார். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கச் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. ஓர் அலுவலகத்தில் நாளை வரச் சொன்னார்கள், மற்றொன்றில் சாட்சியைக் கேட்டார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்ப் போய்ச் சலித்துவிட்டது என்றார்.

பின்னர் அந்தப் பெண்ணுக்குக் கோயிலில் திருமணம் நடந்தது. தாலி கட்டியதோடு சரி. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதன்பின் முசுலிம் அல்லாதார் திருமணம் பதிவு பெற்றால்தான் சட்டத்தில் செல்லும். பதியாத திருமணத்தில் பிறக்கும் குழந்தையின் குடியுரிமைக்குத் தந்தையைக் காட்ட முடியாது, தாயைத்தான் பார்ப்பார்கள். தாயிடமோ பத்திரம் இல்லை. பள்ளியில் சேர்ந்து படிக்கும் என் மாணவனின் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமைத் தகுதி இன்னும் முடிவாகவில்லை. கிராணி எழுதாத ஒரு வரி, இரண்டாம் தலைமுறையின் பாரத்தில் வெற்றுக் கட்டமாக நிற்கிறது. 2011ஆம் ஆண்டு அரசாங்கம் 'மைடஃப்தார்' என்னும் பெயரில் இந்தியர்களுக்கான பதிவு இயக்கம் நடத்தியபோது இத்தகையோர் பலர் வெளிப்பட்டார்கள். இந்தக் குடும்பத்திற்கு அச்செய்தி எட்டவில்லை. வீட்டில் அப்போது தொலைக்காட்சி பழுது என்றார் பாட்டி.

தாமதப் பதிவுக்கு வேண்டியது ஆதாரம். பாட்டியின் மகள் இந்நாட்டில், குடியுரிமை உள்ள தாய்க்குப் பிறந்தவர் என்பதைக் காட்ட வேண்டும். மருத்துவமனைச் சான்று இல்லை, பிள்ளைப்பேறு பார்த்த மூதாட்டியும் காலமாகிவிட்டார். "உங்க மக எந்தப் பள்ளியில படிச்சாங்க பாட்டி?" என்று கேட்டேன். தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை என்றார். அந்தப் பள்ளி பிறகு இடமாற்றம் பெற்றது. அதன் பழைய பதிவேடுகள் எங்கே போயின என்பதை விசாரிக்க ஒரு வாரம் பிடித்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தொலைபேசியில் அடையாளம் சொன்னார். பொருளறையில், உடைந்த ஆர்மோனியப் பெட்டிக்கு அடியில், கறையான் விளிம்பைத் தின்றுவிட்ட சேர்க்கைப் பதிவேடு.

2001ஆம் ஆண்டுப் பக்கத்தில் நீல மையில் அவர் பெயர் இருந்தது. பிறந்த நாள், தாயின் பெயர், தாயின் அடையாள அட்டை எண், லயத்தின் எண். பிறப்புப் பத்திர எண்ணுக்குரிய இடத்தில் 'பின்னர் கொண்டுவரப்படும்' என்று அன்றைய ஆசிரியர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். பத்திரம் இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பாத அந்த ஆசிரியர் யாரென்று விசாரித்தும் தெரியவில்லை.

பழைய பதிவேடு வைத்திருக்கும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடமாற்றத்தின்போதோ பொருளறையைச் சுத்தம் செய்யும்போதோ 1957க்குப் பிந்திய சேர்க்கைப் பதிவேடுகள் எதையும் எரித்துவிடாதீர்கள். முன்பே எரித்தாயிற்று என்றால் வரவுப் பதிவேடுகளாவது இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அந்தப் பக்கத்தின் நகலில் தலைமையாசிரியர் முத்திரையிட்டு உறுதிப்படுத்தித் தந்தார். கோயில் தலைவர் ஒருவரும் அதே லயத்தில் வாழ்ந்த இருவரும் சாட்சிக் கடிதம் கொடுக்க இசைந்தார்கள். பாட்டியோடும் அவர் மகளோடும் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். முகப்பில் இருந்த பெண்மணி பொறுமையாகவே பேசினார், கோப்பைப் பெற்றுக்கொண்டு ஒரு சீட்டு தந்தார். நேர்காணலுக்கு அழைப்பு வரும் என்றார். இதனை எழுதும் நாள் வரை வரவில்லை. பாட்டி அந்தச் சீட்டை வாங்கி நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, "இந்த ஆபீசுல பெரிய கிராணி யாரு டீச்சர், அந்த அம்மாவா?" என்று கேட்டார்.